பனி மூடிய வயலில் நடக்கலாமா?

நார்வேயில் 1957இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. திறந்தவெளிச் சட்டம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அடுத்தவர் நிலத்தில் யார் கால் வைக்கலாம், எங்கே கூடாரம் போடலாம் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. காடும் மலையும் யாருடைய பட்டாவில் இருந்தாலும் எவரும் நடக்கலாம். கூடாரம் போடலாம், ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளித்தான். உரிமையாளரைக் கேட்காமல் ஒரே இடத்தில் இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. நார்வேக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அல்லமன்ஸ்ரெட்டன், அதாவது எல்லா மனிதருக்குமான உரிமை. ஓஸ்லோவில் பனிக்கால ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவில் ஏறினால் பாதிப் பேர் பனிச்சறுக்குப் பலகையோடு நிற்பார்கள். ஃப்ரொக்னர்சேத்தரன் என்ற கடைசி நிலையத்தில் இறங்கி நூர்மார்கா காட்டுக்குள் போய்விடுவார்கள். இது யார் காடு என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்த வரி வேறு. உழவு நிலத்தில் வெளியார் நடக்கக் கூடாது. ஆனால் நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும்போது நடந்து போகலாம். அப்படிக் கிடந்தாலும் ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை கூடாது. அதே வயல், அதே உரிமையாளர். பயிர் நிற்கும்போது அது அவருடையது. பனி விழுந்ததும் வழிப்போக்கனுக்கும் கொஞ்சம் பங்கு.

தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதியிலிருந்து கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பகலில் தரிசில் மேய்ச்சல், இரவில் ஒருவர் வயலில் கிடை. வாத்துக்காரர்களும் வருவார்கள், சிந்திய நெல்லுக்காக. மறுபடி நாற்றங்கால் போடும் நேரம் வந்தால் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். நார்வே ஏற்பாட்டிலிருந்து கிடை ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. கிடை போட்டதற்கு வயல்காரர்தான் கீதாரிக்குக் கூலி தருகிறார், ஏனென்றால் எரு அவருக்கு லாபம். இந்த வேறுபாடு இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் தேவைப்படும்.

நம் தலைக்கு மேல் இருக்கும் ரேடியோ அலைகளின் கதையும் ஏறத்தாழ நிலத்தின் கதைதான். 1906இல் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில், சோர்வோகன் என்ற மீனவ ஊருக்கும் கடலுக்கு அப்பால் இருந்த ரோஸ்ட் தீவுக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி தொடங்கியது. காட் மீன் எங்கே கூட்டமாக வருகிறது என்ற செய்தி போக வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஊரில் ஒரே ஒரு தந்தி இருக்கும்போது அலைவரிசையைப் பங்குபோட என்ன இருக்கிறது? பத்து வந்தபோது குழப்பம் வந்தது, நூறு வந்தபோது சட்டம் வந்தது. இந்த அலைவரிசை கடற்படைக்கு, இது வானொலிக்கு, இது விமானத்துக்கு, இது தொலைக்காட்சிக்கு என்று அரசுகள் அளந்து கல் நட்டன. பிறகு செல்பேசி வந்தது, கல் நட்ட நிலத்தை ஏலம் விடத் தொடங்கினார்கள். 2ஜி என்ற சொல்லைக் கேட்டதும் இந்தியாவில் எல்லோருக்கும் அலைக்கற்றை என்ற சொல் தானாக நினைவுக்கு வருவதற்கு, ஏலம் விடாமலே ஒதுக்கிய ஒரு விவகாரமே காரணம்.

நார்வேயில் நடந்த ஓர் ஏலத்தைச் சொன்னால் இந்தப் பட்டா முறையின் முரட்டுத்தனம் விளங்கும். 2013 டிசம்பரில் 800, 900, 1800 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை மூடிய உறை முறையில் ஏலம் விட்டார்கள். உள்ளே எவ்வளவு எழுதியிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியாது. டெலினோர், நெட்காம், டெலி2 என்று எல்லோரும் அறிந்த மூன்று பேர் களத்தில் இருந்தார்கள். உறைகளைப் பிரித்தபோது டெல்கோ டேட்டா என்ற, பலரும் கேள்விப்படாத நிறுவனம் சுமார் 70 கோடி குரோனர் எழுதி ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. நாட்டின் மூன்றாவது பெரிய செல்பேசி நிறுவனமான டெலி2 வெறுங்கையோடு நின்றது. கோபுரங்கள் இருந்தன, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், இந்தப் பகுதிகளில் அலைவரிசை இல்லை. மறு ஆண்டே அது தன் நார்வேத் தொழிலை நெட்காமின் தாய் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது.

இப்படி ஒரு நாடே அடித்துக்கொள்ளும் பொருள் முழுதாகப் பயன்படுகிறதா என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2005இல் சிகாகோ நகரில் ஆன்டெனாவை வைத்து 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3000 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தார்கள். சராசரியாக 17.4 சதவீதம்தான் பயன்பாட்டில் இருந்தது. அதுவும் அமெரிக்காவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றில். பட்டா எல்லாம் போட்டாகிவிட்டது, வேலியும் கட்டியாகிவிட்டது, உள்ளே பெரும்பாலும் தரிசு.

ஓஸ்லோவுக்குப் பக்கத்து நாட்டுத் தலைநகரில் இதற்கு ஒரு பதில் பிறந்தது. ஜோசப் மிடோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாக்ஹோமின் ராயல் தொழில்நுட்ப நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1999இல் ஜெரால்டு மகுவைருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார், 2000இல் ஆய்வேட்டை முடித்தார். தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தானே கவனித்து, தானே யோசித்து, தன் அலைவரிசையையும் ஆற்றலையும் தானே மாற்றிக்கொள்ளும் ரேடியோ என்பது அவருடைய கனவு. அறிதிறன் ரேடியோ என்று அதற்குத் தமிழில் பெயர் வைத்துக்கொள்வோம். மிடோலா நினைத்தது இன்னும் பெரியது, மனிதரின் தேவையை உணரும் ஓர் எடுபிடி போல. பின்னால் வந்த பொறியாளர்கள் அதை ஒரே ஒரு வேலைக்குச் சுருக்கிவிட்டார்கள்: காலியான அலைவரிசையைத் தேடு, பயன்படுத்து, பட்டாதாரர் வந்தால் விலகு. வழிப்போக்கனின் இலக்கணம் அதில் முழுதாக இருக்கிறது. பட்டாதாரரை முதல்நிலைப் பயனர் என்றும் வழிப்போக்கனை இரண்டாம்நிலைப் பயனர் என்றும் ஆய்வுக் கட்டுரைகள் சொல்லும்.

கேட்க எளிது. வயல் காலியா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அலைவரிசை காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வழி, அந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றல் வந்து சேர்கிறது என்று அளப்பது. ஓர் அளவுக்கு மேல் இருந்தால் ஆள் இருக்கிறது, குறைவாக இருந்தால் இல்லை. மலிவான வழி, குருட்டு வழியும்கூட. அலையை வாங்கும் எந்த ஏற்பிக்குள்ளும் வெப்பத்தால் ஓர் இரைச்சல் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். மின்விசிறி ஓடும் அறையில் பக்கத்து அறைக் கிசுகிசுப்பு கேட்கிறதா என்று பார்ப்பது போல. விசிறியின் சத்தம் கடைசி இம்மி வரை ஒரே சீராக இருந்தால், நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டு, சராசரி எடுத்து, கிசுகிசுப்பைப் பிரித்துவிடலாம். ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கி விசிறியின் சத்தமே லேசாக மாறினால்? கூடியது விசிறியா, பேச்சா? அனந்த் சஹாய், ராகுல் தந்த்ரா என்ற ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரைச்சலின் அளவில் சிறு ஐயம் இருந்தாலே போதும், ஒரு கட்டத்துக்குக் கீழே எத்தனை மணி நேரம் கேட்டாலும் விடை கிடைக்காது. ஒரு சுவர் போல நிற்கும் எல்லை அது.

இரண்டாவது வழி, எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது. மதுரை மாட்டுத்தாவணியில் நூறு நடத்துநர்கள் கத்தினாலும் நம் ஊர்ப் பெயர் மட்டும் காதில் விழுகிறதே, அதுபோல. தொலைக்காட்சி அலையில் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் அடையாளக் குறியீடுகள் உண்டு. அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தால் இரைச்சலுக்குள் புதைந்ததும் அகப்படும். மூன்றாவது வழி, தாளத்தைப் பிடிப்பது. மனிதர் செய்த எந்த அலையிலும் ஏதோ ஒரு திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்கும், வெப்ப இரைச்சலில் அது இருக்காது. பாட்டு புரியாவிட்டாலும் தாளம் தெரிந்தால் அங்கே ஒரு கச்சேரி நடக்கிறது என்று சொல்லிவிடலாம். இவை இரண்டுக்கும் அதிகக் கணக்கு வேண்டும், அதிக மின்கலம் வேண்டும், எதிராளி யார் என்ற முன்னறிவும் கொஞ்சம் வேண்டும்.

இவ்வளவும் செய்து ஒரு நல்ல காதைத் தயாரித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான சிக்கல் தலைகாட்டுகிறது.

ஓஸ்லோ ஒரு கிண்ணம் போன்ற ஊர். நடுவில் ஃபியோர்டு, சுற்றிலும் மேடு. வடமேற்கு மேட்டின் உச்சியில் த்ரீவான் கோபுரம் நிற்கிறது. 1962இல் எழுந்தது, 118 மீட்டர் உயரம், தொலைக்காட்சியும் வானொலியும் ஊருக்குள் இறங்கி வந்த வழி. இப்போது ஊருக்குள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நம் அறிதிறன் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். கோபுரத்துக்கும் அதற்கும் இடையே பாறையும் காங்கிரீட்டும். அது காது கொடுத்துக் கேட்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. காலி என்று முடிவுசெய்து பேசத் தொடங்குகிறது. அதே கட்டடத்தின் கூரையில் ஆன்டெனா வைத்து, கோபுரத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, ஒரு பாட்டி செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் உடைந்து சதுரம் சதுரமாக நிற்கிறது.

பாட்டியின் தொலைக்காட்சி எந்த அலையையும் வெளியே அனுப்புவதில்லை. அது இருப்பதே அலைவெளியில் யாருக்கும் தெரியாது. இடைஞ்சல் நடப்பது அங்கேதான். நம் ரேடியோ கேட்பதோ கோபுரத்தை. கோபுரத்துக்கு இடைஞ்சல் என்று ஒன்று கிடையாது, அது பேசுகிறது, கேட்பதில்லை. ஆகவே 'காலி' என்பதை நான் நிற்கும் இடத்துக் காற்றில் தேடிப் பயனில்லை. எனக்குத் தெரியாத, பேசாத ஓர் ஏற்பி எங்கோ உட்கார்ந்துகொண்டு அதைத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் இருபது ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் போயிருக்கிறது என்பது என் எண்ணம்.

பொறியாளர்களின் முதல் பதில், காதை இன்னும் கூர்மையாக்கு என்பது. கீழ்த்தளத்துக் காது கூரைக் காதைவிட மிக மிக நுட்பமாக இருந்தால், நிழலில் இருந்தாலும் கோபுரம் கேட்டுவிடும் அல்லவா? அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2008இல் தொலைக்காட்சி அலைவரிசைகளின் இடைவெளிகளை வழிப்போக்கர்களுக்குத் திறந்தபோது இப்படித்தான் விதித்தது. ஒரு வாட் ஆற்றலை இரண்டரைக் கோடி கோடிப் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கு வந்தால்கூடக் கருவி உணர வேண்டும். அவ்வளவு கூர்மையான காதுக்குப் பக்கத்து மாநிலத்துக் கோபுரம்கூடக் கேட்கும், உண்மையில் காலியாக இருப்பதும் காலியில்லை என்று தோன்றும். விலையும் எகிறும். 2010இல் ஆணையம் இறங்கிவந்தது. கருவி தான் எங்கே இருக்கிறது என்று பார்த்து, இணையத்தில் ஒரு பதிவேட்டைக் கேட்டால் போதும், காது கொடுத்துக் கேட்பது கட்டாயமில்லை என்றது. எந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆற்றல், அதன் பார்வையாளர்கள் எங்கே இருக்க வாய்ப்பு என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பார்ப்பது போல. மிடோலாவின் அறிவாளி ரேடியோ கடைசியில் விஏஓ அலுவலக வாசலில் போய் நின்றது.

இந்தியாவில் பம்பாய் ஐஐடியினர் இந்தப் பதிவேட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை 15 தொலைக்காட்சி அலைவரிசைகள். தூர்தர்ஷன் கோபுரங்கள் மட்டுமே பட்டாதாரர்கள். நாட்டின் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் 15இல் குறைந்தது 12 காலி என்று 2014இல் வெளியான அவர்கள் ஆய்வு சொன்னது. மும்பைக்கு வடக்கே பால்கர் பகுதிக் கிராமங்களுக்கு இந்த இடைவெளி வழியாக இணையம் கொண்டுபோய்க் காட்டியும் இருக்கிறார்கள். இந்த நீள அலை மரத்தையும் மேட்டையும் தாண்டிப் போகும், வைஃபை அலையால் அது முடியாது. ஐரோப்பாவில் ஒரே பகுதியில் பல நாட்டுக் கோபுரங்கள் மோதிக்கொள்ளும்போது நம் நாட்டில் வானம் இவ்வளவு வெறுமையாகக் கிடந்ததைப் பெருமையாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா தெரியவில்லை.

அப்படியானால் காது கொடுத்துக் கேட்கும் ரேடியோ தோற்றுப்போனதா? இல்லை. அது உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

ஓஸ்லோவின் தென்மேற்கே ஹூரும் என்ற தீபகற்பத்தில் வானிலை ரேடார் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. நார்வே முழுவதும் இப்படிப் பத்துக்கும் மேல் உண்டு. ஐந்து சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள அலையைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, மழை எங்கே எவ்வளவு என்று வரைந்துகொடுக்கிறது. ப்லின்டர்னில் உள்ள வானிலை நிறுவனம் அதைத் தொகுத்து, நார்வே ஒலிபரப்பு நிறுவனத்துடன் சேர்ந்து 2007இல் தொடங்கிய ‘இர்’ என்ற சேவை வழியாக வெளியிடுகிறது. நார்வேக்காரர் ஒருவர் அதைப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்குவது அபூர்வம். ரேடாரின் அலைவரிசை 5.6 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். வைஃபைக்கும் அங்கே ஆசை. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு ஒரு சமரசம் செய்தது: வைஃபை அங்கே வரலாம், ஆனால் ரேடாரைக் கேட்டால் எழுந்து போய்விட வேண்டும்.

இதை ரவுட்டர் எப்படிச் செய்கிறது என்பதைக் கவனிக்கலாம். ரேடார் பகுதியில் ஓர் அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தால் உடனே பேசத் தொடங்காது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்கும். ஐரோப்பாவில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது வைஃபையின் 120, 124, 128ஆம் எண் அலைவரிசைகளில், அந்த ஒரு நிமிடம் பத்து நிமிடமாகிவிடும். பிறகு பேசும்போதும் இடையிடையே கேட்டுக்கொண்டே இருக்கும். ரேடார்த் துடிப்பு கேட்டால் பத்து நொடிக்குள் இடத்தைக் காலி செய்யும், அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பாது. மின்சாரம் போய் வந்த பிறகு வைஃபை திரும்ப ஏன் இவ்வளவு தாமதம் என்று சலித்துக்கொண்ட சிலருக்கு விடை இதுவாக இருக்கலாம். பெட்டி பழுதில்லை, மழைக்காகக் காத்திருக்கிறது.

ஏன் பத்து நிமிடம்? வானிலை ரேடாரின் கற்றை மிகக் குறுகியது, ஒரு பாகை அளவு. துடிப்பும் நொடியின் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குதான். ஒரு சுற்றுச் சுற்றி, கோணத்தை உயர்த்தி, மறுபடி சுற்றி, வானத்தைப் படிப்படியாக ஏறித் துழாவும். உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, உங்கள் உயரத்துக்குத் தோதான கோணத்தில் வர சில நிமிடம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டால் ஏமாந்துபோவீர்கள்.

தொலைக்காட்சியில் தோற்ற காது இங்கே ஏன் வேலை செய்கிறது? ரேடாரில் பேசும் வாயும் கேட்கும் காதும் ஒரே கம்பத்தில் இருக்கின்றன. ரேடாரின் குரல் உங்களுக்குக் கேட்டால் உங்கள் குரலும் அதற்குக் கேட்கும் என்று நம்பலாம், அதன் குரல் உங்களுடையதைவிட லட்சக்கணக்கான மடங்கு உரக்க ஒலிப்பதால் சந்தேகமில்லாமல் உங்களுக்குக் கேட்டுவிடும். மறைந்திருக்கும் பாட்டி இங்கே இல்லை. வயல்காரரே வயலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படியிருந்தும் ஐரோப்பா முழுக்க வானிலை ஆய்வாளர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ரேடார் படத்தில் மையத்திலிருந்து விளிம்பு வரை சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒரு கோடு. அந்தத் திசையில் எங்கோ ஒருவர் கட்டுப்பாட்டை மீறிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மென்பொருளால் கோட்டை அழித்துவிடலாம், ஆனால் கோட்டுக்கு அடியில் உண்மையான மழை இருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும். பெரும்பாலும் பிடிபடுவது வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் இல்லை. கூரைமேல் வைத்து, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இணையம் கடத்தும் கருவிகள். நிறுவ வந்தவருக்கு இந்தக் காத்திருப்பு தொல்லை, அமைப்புப் பக்கத்தில் நாட்டை மாற்றிப்போட்டால் காத்திருப்பு போய்விடும். கருவியின் காதைப் பொத்த ஒரு சொடுக்கு போதும். நார்வேயில் இந்தப் புகார்கள் தெற்குக் கடற்கரை ஊரான லில்லெசானைத் தலைமையிடமாகக் கொண்ட என்காம் என்ற தகவல் தொடர்பு ஆணையத்துக்குப் போகும். அவர்கள் வண்டியில் ஆன்டெனா வைத்துக்கொண்டு கோட்டின் திசையிலேயே ஓட்டிப்போய் கூரையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காதும் சரியில்லை, ஏடும் முழுதில்லை என்றால் நடுவில் ஒரு தரகர் இருந்தால் என்ன? ஓஸ்லோவுக்கு வெளியே ஷெல்லர் என்ற இடத்தில் நார்வேப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1973இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அமெரிக்காவுக்கு வெளியே வந்து சேர்ந்த முதல் இடம் அதே ஷெல்லர்தான். அங்கே டோர்லைவ் மாசெங், தோரே உல்வர்சோய் என்ற இருவர் 2008இல் அலைவரிசைத் தரகர் என்ற கருத்தை முன்வைத்தார்கள். மாசெங் ஏற்கெனவே பெயர் பெற்றவர், 1980களில் த்ரோன்ஹைமில் ஜிஎஸ்எம் செல்பேசித் தரத்துக்கு வழிபோட்டவர்களில் ஒருவர். கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊகிப்பதற்குப் பதில், தாங்கள் எங்கே இருக்கிறோம், எதைக் கேட்க வேண்டும் என்பதை வலைவழியே ஒரு தரகரிடம் சொல்லும். தரகர் யாருடைய பேச்சு யாருடைய காதில் எவ்வளவு விழும் என்று கணக்கிட்டு அலைவரிசையைப் பிரித்துக்கொடுப்பார். பல நாட்டுப் படைகள் ஒரே மலையில் இறங்கும்போது யாருக்கு எந்த அலைவரிசை என்று வாரக்கணக்கில் தாளில் தயாரிக்கும் வேலை அவர்களுக்குத் தெரியும், அதனால் இந்த யோசனை அங்கே பிறந்தது இயல்புதான். அதே ஆண்டுகளில் டெலினோர் பங்கேற்ற செண்டோரா என்ற ஐரோப்பியத் திட்டம் வேறு பக்கத்திலிருந்து வந்தது: ஊர் முழுக்கச் சிறு சிறு உணரிகளைப் பரப்பி, கேட்கும் வேலையை அவற்றிடம் விட்டுவிடுவது. ஒரு காது நிழலில் இருந்தால் இன்னொரு காது வெளிச்சத்தில் இருக்கும்.

இந்த இரண்டும் சேர்ந்து பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த இடம் அமெரிக்கா. 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை அங்கே கடற்படை ரேடாருக்கு முதலிடம், பணம் கட்டியவருக்கு இரண்டாமிடம், மற்றவருக்கு மூன்றாமிடம். கடற்கரையோரம் உணரிகள் கப்பல் ரேடாரைக் கேட்கின்றன. கேட்டதும் தரகக் கணினி அந்தப் பகுதிக் கருவிகளை விலக்குகிறது. இதில் ஒரு வேடிக்கை: உணரிகள் நுட்பமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, அவற்றைச் சுற்றியும் மற்றவர்கள் குரலைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. காவல்காரர் தூங்காமல் கேட்க வேண்டும் என்பதற்காகத் தெருவையே அடக்கி வைத்தது போல.

இங்கேதான் கீதாரி நினைவுக்கு வருகிறார். கிடை போட்டால் வயல்காரருக்கு எரு கிடைக்கிறது, அதனால் அவரே கூப்பிடுகிறார். அலைவரிசைப் பட்டாதாரருக்கு வழிப்போக்கனால் என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை, தலைவலியைத் தவிர. அதனால்தான் பல நாடுகளில் ராணுவமும் ஒலிபரப்பாளர்களும் செல்பேசி நிறுவனங்களும் பகிர்வை எதிர்க்கிறார்கள், தங்கள் பகுதி காலியாகவே கிடந்தாலும். அறிதிறன் ரேடியோ மெதுவாக நகர்ந்ததற்குக் கணிதத்தைவிட இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த எரு எதுவாக இருக்க முடியும் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கணினியே இல்லாமலும் ஓஸ்லோவில் பகிர்வு நடந்திருக்கிறது. 1982இல் தொடங்கிய பெண்களின் வானொலியான ரேடியோராக்கலும் மாணவர்களின் ரேடியோ நோவாவும் 99.3 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துக்கொண்டு ஒலிபரப்பின. இன்ன நேரம் உனக்கு, இன்ன நேரம் எனக்கு. ஓஸ்லோத் தமிழர்களின் தமிழ்முரசமும் இந்த உள்ளூர் வானொலிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2017 ஜனவரி 11 அன்று நூர்லான் மாவட்டத்தில் தொடங்கி, டிசம்பர் 13க்குள் தேசிய வானொலிகள் எல்லாவற்றையும் எஃப்எம்மிலிருந்து நார்வே இறக்கிவிட்டது, உலகில் முதல் நாடாக. அப்போதும் உள்ளூர் வானொலிகள் எஃப்எம்மிலேயே தங்கின.

கேட்கும் கருவிக்கு ஒருபோதும் புலப்படாத பட்டாதாரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜிபிஎஸ் அலை 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்து தரையைத் தொடும்போது அதன் ஆற்றல், ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து அதில் ஒரு துண்டை மறுபடி நூறாகப் பிரித்த அளவு. ஏற்பியின் உள் இரைச்சலில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. குறியீடு தெரிந்தவருக்கு மட்டுமே அது எழுந்து வரும். ஆற்றலை மட்டும் அளக்கும் வழிப்போக்கன் அங்கே காது வைத்தால் சுத்தமாகக் காலி என்று அறிவித்துவிடுவான். நார்வேயின் வடகிழக்கு மூலையில் ரஷ்ய எல்லையோரம் விமானங்களின் ஜிபிஎஸ் 2017 முதல் விட்டுவிட்டும் 2022க்குப் பிறகு ஏறத்தாழ அன்றாடமும் குலைந்துபோகிறது. அதன் பாடத்தை நார்வேக்காரர்கள் ஆண்டுதோறும் படிக்கிறார்கள். ஆந்தோயா தீவின் ப்லெய்க் என்ற சிற்றூரில் 2022 முதல் தாங்களே அனுமதியோடு ஜிபிஎஸ்ஸைக் குலைத்து, யாருடைய கருவி தாங்குகிறது என்று சோதிக்கிறார்கள்.

இன்னும் வடக்கே, 79ஆம் பாகைக்கு அருகில், ஸ்வால்பார் தீவுக் கூட்டத்தில் நி-ஓலெசுன் என்ற ஆய்வுக் குடியிருப்பு இருக்கிறது. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். நார்வே நில அளவைத் துறையின் வானொலித் தொலைநோக்கிகள் அங்கே குவேசர்களைக் கேட்கின்றன. பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தப் புள்ளிகளை உலகின் பல தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் கேட்டு, அலை வந்து சேரும் நேர வேறுபாட்டிலிருந்து பூமியின் சுழற்சியையும் கண்டங்களின் நகர்வையும் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அங்கே 2 முதல் 32 ஜிகாஹெர்ட்ஸ் வரை எவரும் பேசக் கூடாது. எந்தக் காதாலும் அந்தத் தொலைநோக்கியைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது, அது பாட்டியின் தொலைக்காட்சியைவிட அமைதியானது. 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் வைஃபை இல்லை, புளூடூத் இல்லை. கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் அந்த எல்லையை நெருங்கும்போது பயணிகளிடம் கைபேசியையும் கடிகாரத்தையும் காதில் மாட்டியிருக்கும் கம்பியில்லாக் கருவியையும் விமான நிலையில் போடச் சொல்கிறார்கள். பணியாளர் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்பார், பயணிகள் பையைத் திறந்து இன்னும் ஏதாவது விழித்திருக்கிறதா என்று தேடுவார்கள்.